பெயர் எங்கே?

(ஒரு கூட்டத்தில் நாம் பேசியதின் சாரம்)



நம் கிராமங்கள் சிலவற்றில் சுவரில் பதித்த ஒரு சிறு கல்லை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். 1914 முதல் 1919 வரை நடந்த பெரிய யுத்தத்திற்கு இவ்வூரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் விட்டார்கள் என்று அதில் வெட்டியிருக்கும். எத்தனை பேர் என்று இருக்குமேயொழிய, யார் யார் என்று இராது. சந்தையில் ஆடு விற்ற கணக்குக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

அப்படிச் செத்த ஒருவனைத் தேடிப் போவோம். அக்காலத்தில் சிப்பாய்க்கு மாதச் சம்பளம் 11 ரூபாய். நம்மவன் மதராஸ் சாப்பர்ஸ் மைனர்ஸ் பட்டாளத்தில் சேருகிறான். கப்பலேறி மெசபொட்டேமியாவுக்கு, அதாவது இன்றைய ஈராக்குக்குப் போகிறான். ஆற்றுக்குப் பாலம் கட்டுகிறான், பதுங்குகுழி வெட்டுகிறான், அங்கேயே சாகிறான். புதைத்த இடம் தெரியவில்லை.

இப்படிச் சமாதி தெரியாதவர்களுக்காகப் பாஸ்ராவில் 1929-இல் ஒரு ஞாபகச் சின்னம் திறந்தார்கள். 40,000 பேருக்கு மேற்பட்டவர்களுக்கான சின்னம் அது. வெள்ளைக்காரச் சிப்பாயானால், அவன் எவ்வளவு கீழ்ப்பட்டவனாயினும், பெயர் வெட்டப்பட்டது. இந்தியரில் சுபேதார், ஜமேதார்களுக்கும் வெட்டப்பட்டது. சாதாரண இந்தியச் சிப்பாய்க்கோ, பட்டாளத்தின் பெயருக்குக் கீழே "மற்றும் இத்தனை இந்தியச் சிப்பாய்கள்" என்பதோடு சரி! ஊர்க் கல்லிலும் எண்ணிக்கை, கடல் கடந்த கல்லிலும் எண்ணிக்கை.

கல் போதவில்லையோ என்று கேட்பீர்கள். அதெல்லாம் ஒன்றுமில்லை. செத்தவர்களுக்குள் பதவி, இனம், மதம் என்ற வித்தியாசம் கூடாது என்பதுதான் யுத்த சமாதிக் கமிஷன் தானே ஒப்புக்கொண்ட கொள்கை. பிரான்சில் நூவ் சப்பேலில் 1927-இல் எழுப்பிய சின்னத்தில் 4,700-க்கு மேற்பட்ட இந்தியர் பெயர்கள் வெட்டப்பட்டே இருக்கின்றன. ஐரோப்பாவில் கிடைத்த மரியாதை, பார்க்க ஆளில்லாத பாஸ்ராவில் கிடைக்கவில்லை. ஆப்பிரிக்காவிலோ இன்னும் மோசம். சுதேசிக்குக் கல்லறைக் கல்லின் அருமை விளங்காதென்று 1923-இல் கோல்டு கோஸ்ட் கவர்னர் யோசனை சொன்னார். செத்தவனுக்கு விளங்காதது இவருக்கு எப்படி விளங்கியதோ!

இதைத் தலையெழுத்து என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இது எந்தப் பிரமனும் எழுதியதல்ல. மேஜை முன் உட்கார்ந்து மனிதர்கள் எழுதிய உத்தரவு. ஆகவேதான் 2021-இல் அந்தக் கமிஷனே விசாரித்து மன்னிப்புக் கேட்டது. 45,000 முதல் 54,000 பேர் வரை சமத்துவமின்றி நடத்தப்பட்டார்களென்றும், மேற்கொண்டு 1,16,000 பேருக்காவது பெயரே பொறிக்கப்படவில்லையென்றும் அதன் அறிக்கை கூறிற்று.

நிற்க. நம்மவனைக் கண்டுபிடிக்க வழியுண்டு. கல்லில் இல்லாத பெயர் கமிஷனின் பதிவேட்டில் இருக்கிறது. தகப்பன் பெயர், ஊர், ஜில்லா முதலியவையும் பலருக்கு உண்டு. அந்த யுத்தத்தின் வெள்ளி மெடல் உங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் கிடந்தால், உருக்கிக் கொலுசு செய்வதற்கு முன், ராஜா தலையைப் பார்ப்பதை விட்டு விளிம்பைத் திருப்பிப் பாருங்கள். சிப்பாயின் நம்பரும் பெயரும் பட்டாளமும் அதில்தான் பொறித்திருக்கும்.