வீடற்றோர் நம்மிடையே
(ஜூபிலி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஜூபிலி விழா என்றால் ஆலயம் வளர்ந்த வரலாற்றைப் பேசுவது வழக்கம். எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்போ, நம் வட்டாரத்தின் வீடற்றோர். "பஸ் நிலையத்தில் நாலைந்து பேர் படுத்திருப்பார்கள், அவ்வளவுதானே?" என்று சிலர் கேட்கலாம். அக்கேள்விக்கே விடை கூற விழைகிறேன்.

2011ஆம் ஆண்டு பிப்ரவரி 28 இரவு, மக்கள் தொகைக் கணக்கெடுப்போர் சாலையோரம், பாலத்தடி, ரயில் நிலையம் என்று தேடிச் சென்று வீடற்றோரை எண்ணினர். இந்தியா முழுவதிலும் 17 லட்சத்திற்கு மேற்பட்டோர் இருந்தனர். ஆனால் அந்த ஓர் இரவில் வெளியில் கிடந்தவரே அக்கணக்கில் சேர்ந்தனர். அக்காள் வீட்டுத் திண்ணையில் பிள்ளைகளோடு ஒண்டியிருந்தவளும், ஓடைப் புறம்போக்கில் தகரக் கொட்டகை போட்டவரும் சேரவில்லை. நம் வட்டாரத்தில் வீடின்மை பெரும்பாலும் இப்படிக் கூரைக்கடியில் மறைந்தே இருக்கிறது.

இதற்குக் காரணங்கள் யாவை? நமது பூமி வானம் பார்த்த கரிசல். 1920களில் தீப்பெட்டித் தொழிலும், பின்னர் பட்டாசும் அச்சும் சிவகாசியில் வேரூன்றின. மழை பொய்த்த கிராமங்களிலிருந்து மக்கள் பிழைப்புத் தேடி வந்தனர். வேலை கிடைத்தது, குடியிருக்க மனை கிடைக்கவில்லை. வளவுக்குள் ஓர் அறை வாடகைக்கு. சற்று வசதி இருந்தால், கடன் வாங்கி ஒத்திக்கு ஒரு வீடு.

கூலியோ நிச்சயமற்றது. வெயிலில் காய வேண்டிய சரக்கு மழை நாளில் காயாது. அன்று வேலை இல்லை. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்பு கலந்த பட்டாசுக்குத் தடை விதித்தது. அந்தத் தீபாவளிக்குப் பின் ஆலைகள் பல மாதங்கள் மூடிக் கிடந்தன. கூலி நின்றது, வாடகை நிற்கவில்லை.

மற்றொன்று விபத்து. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் 30க்கும் மேற்பட்டோரும், 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் 20க்கு மேற்பட்டோரும் மாண்டனர். பத்திரிகைகள் இறந்தோரை எண்ணின. சம்பாதித்தவர் போனபின் வீட்டைக் காலி செய்த குடும்பங்களை எண்ணுவார் யார்? நிவாரணத் தொகை கடனுக்கே சரியாகிவிட்டால், அடுத்த மாத வாடகைக்கு அந்த விதவை எங்கே போவாள்? வீடு போனால் முகவரி போகிறது; பிள்ளையின் படிப்பும் தடுமாறுகிறது.

அரசு உதவவில்லை என்று சொல்ல மாட்டேன். 2024இல் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் திட்டம், ஒரு வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் தருகிறது. ஆயினும் அதற்குச் சொந்த மனையும் பட்டாவும் வேண்டும். புறம்போக்கில் இருப்பவருக்கும் வாடகைக்கு இருப்பவருக்கும் அது எட்டாக்கனி. மனை உள்ளவருக்கு வீடு. மனை இல்லாதவருக்கு மனுதான் மிச்சம்!

ஆகவே நாம் செய்யக்கூடியவை இரண்டு. முதலாவது, அன்பியம்தோறும் மனையற்ற குடும்பங்களைச் சாதி மதம் பாராமல் பட்டியலிடுவோம். இலவச வீட்டுமனைப் பட்டாவுக்கு மனு எழுதித் தருவோம். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் அலுவலகத்திற்குக் கூடவே செல்வோம். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தாய்க்கு, கூட வரும் ஒருவரே பெரிய பலம்.

இரண்டாவது, நம்மில் வளவு வைத்திருப்போருக்கு ஒரு வேண்டுகோள். குடியிருப்பவர் வீட்டில் சாவு நேர்ந்தாலும், ஆலை மூடினாலும், மூன்று மாதம் தவணை கொடுங்கள். ஆண்டுதோறும் கிறிஸ்து பிறப்புக்கு நாம் குடில் ஜோடிக்கிறோம்; சத்திரத்தில் இடமில்லை என்ற கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுகிறோம். அந்தச் சத்திரக்காரனின் இடத்தில் நாம் நிற்கவில்லை என்பதை, காலி செய்யச் சொல்ல வேண்டிய மாதத்தில்தான் காட்ட முடியும்.