நிற்பதும் செல்வதும்



ஒரு பொருளைப் பெறுவதற்கு ஆகும் தொகையை விசாரிக்க ஆங்கிலேயர் வழங்கும் ‘கொஸ்ற்’ என்னும் சொல், ‘சேர்ந்து’ எனப் பொருள்படும் முன்னொட்டும் ‘நில்’ என்னும் வினையும் இணைந்த ‘கொன்ஸ்தாரே’ என்ற இலத்தீன் வினையில் பிறந்து, பழைய பிரெஞ்சு மொழியின் வழியாக இங்கிலாந்தை அடைந்தது. சரக்கு இன்ன விலையில் ‘நிற்கிறது’ என்பதே இலத்தீன் வழக்கு.

அதற்கு நிகராகத் தமிழில் வழங்கும் ‘செலவு’ நிற்பதன்று, செல்வது. பழைய நூல்களில் அச்சொல்லுக்குப் பயணம் என்பதே பொருள். தொல்காப்பியத்தின் கிளவியாக்கம் செலவு, வரவு, தரவு, கொடை என்னும் நான்கையும் ஒருங்கு வைத்து, வருதலும் தருதலும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியன என்றும், செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியன என்றும் வரையறுக்கிறது; அதாவது, பேசுவோனையும் கேட்போனையும் விட்டு அப்பால் இருப்பவனை நோக்கிப் போவதே செலவு. பணத்துக்கென வகுத்த விதி அன்று அது. ஆயினும் கைப்பணம் போகும் திசையை அதைவிடத் துல்லியமாகச் சொல்லுதல் அரிது. பாலைத்திணையில் பொருள் தேடப் புறப்படும் தலைவனின் பயணமும் செலவே; தலைவியின் துயர் கண்டு அவன் தயங்கி நிற்பதைச் செலவழுங்கல் என்றனர். பொருளுக்காகச் சென்றதைக் குறித்த சொல்லே பின்னர் பொருள் செல்வதையும் குறிக்கலாயிற்று. இறந்தவருக்கு எட்டாம் நாள் செய்யும் கிரியையை ஈழத்தவர் ‘எட்டுச் செலவு’ என்னும்போது, அந்தப் பழைய பயணமும் காதில் விழத்தான் செய்கிறது.

இந்த வேறுபாடு சொல்லாராய்ச்சியோடு நின்றுவிடுவதில்லை. காலபோக நெல்லுக்குக் கணக்கு எழுதும் வன்னிக் குடும்பத்தில், உழவு இயந்திரக் கூலியும் விதைநெல்லும் பசளையும் களைநாசினியும் கையை விட்டுப் போவதால் செலவென ஏறுகின்றன. தகப்பன் வரம்பு கட்டிய நாள்களும், இரவில் தண்ணீர் பாய்ச்சிய மகனின் உறக்கமும், தாய் சமைத்து வயலுக்குச் சுமந்த சோறும் எவரிடமும் செல்லாமையால் ஏறுவதில்லை. இலங்கைப் பாடநூல்கள் ‘கொஸ்ற்’ என்பதற்கு வைத்த ‘கிரயம்’, வாங்குதல் என்னும் பொருளுடைய வடசொல். வாங்கப்படாத உழைப்பு அதற்குள்ளும் எளிதில் அடங்காது. பொருளியலார் ‘அமையச் செலவு’ என்பது, ஒன்றைத் தெரிவு செய்ததால் கைவிடப்பட்ட அடுத்த சிறந்த வாய்ப்பின் பெறுமதியை. அந்த மகன் அதே நாள்களில் வெளியே கூலிக்குப் போயிருந்தால் பெற்றிருக்கக்கூடிய சம்பளம் அதில் அடங்கும். நெல்லொன்று விளைவதற்குச் சேர்ந்து நின்ற யாவற்றையும் எண்ணுவதாயின், இதையும் எண்ணியே ஆக வேண்டும். எண்ணாது குறிக்கப்படும் நெல்விலை, அக்குடும்பத்தின் உழைப்பை இலவசமாக எடுத்துக்கொள்ளும் விலையே.

‘ஏக்கருக்கு எவ்வளவு முடிஞ்சது?’ என்று வயல் வரம்பில் ஒருவர் கேட்கும்போது, விடை உழவுக் கூலியில் தொடங்கி வெட்டுக் கூலியில் முடிகிறது; கேட்டவரும் சொன்னவரும் முந்தின இரவு தண்ணீர் மறித்துக் கட்டியவர்களாகவே இருந்தாலும், அந்த இரவு அதில் வருவதில்லை.