புதையலைக் காக்கும் பூதமும் ஒரு குட்டிச்சாத்தானும்



கண்டி நகருக்குள் எங்கே நின்று நிமிர்ந்தாலும் மலைமேல் அமர்ந்திருக்கும் வெள்ளைப் புத்தர் சிலை கண்ணில் படும். அந்த மலைக்குப் பெயர் பைரவகந்த. சிலை வந்து சில பத்தாண்டுகள்தான் ஆகின்றன. பைரவன் அதற்கு வெகுகாலம் முன்பே அங்கே குடியேறிவிட்டான். அவனுக்குக் கன்னிப்பெண்களைப் பலி கொடுத்தார்களாம். கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் காலத்தில் டிங்கிரி மெனிக்கா என்ற பெண்ணை மலையுச்சியில் கட்டிவிட்டு வந்தார்களாம். அவளுடைய காதலன் இரவோடிரவாக ஏறிப்போய்க் கட்டவிழ்த்துக் கூட்டிப்போனானாம். புதையலுக்குக் காவலிருப்பதும் இதே பைரவன்தான் என்கிறார்கள். புதையல் தோண்டப் போனவர்கள் பூசைச் சாமான்களோடு பொலிஸில் பிடிபட்டதாக இன்றும் செய்தி வருகிறது. ஆக, அவன் இன்னும் ஓய்வு பெறவில்லை.

கலகெதரப் பக்கத்துச் சிங்கள வீடுகளில் மகாசோனா, முஸ்லிம் வீடுகளில் ஜின், தோட்டத்து லயங்களில் முனி. பேர்தான் வேறு, பிள்ளைகளுக்கு வரும் பயம் ஒன்றே. இப்படி ஒளிந்திருக்கும் ஒன்றைப் பிள்ளைகளுக்குச் சிநேகிதனாக்கிக் குடும்பத்தோடு பார்க்கும் படமாக எடுப்பது எப்படி? இந்தப் பக்கத்துச் சினிமாவில் அதற்கு நல்ல பாடம், 1984 ஓகஸ்டில் கேரளத்தில் வெளியான 'மை டியர் குட்டிச்சாத்தான்'.

இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படம் அது. தயாரித்தவர் நவோதயா அப்பச்சன்; இயக்கியவர் அவருடைய மகன் ஜிஜோ புன்னூஸ்; திரைக்கதை ரகுநாத் பலேரி; ஒளிப்பதிவு அசோக்குமார்; இசை இளையராஜா. கதையைக் கேட்டால் பைரவகந்தவில் நடப்பதுபோல இருக்கும். புதையலுக்கு ஆசைப்படும் மந்திரவாதி ஒருவன் குட்டிச்சாத்தானை மந்திரத்தால் கட்டி அடிமையாக வைத்திருக்கிறான். கண்ணுக்குத் தெரியாத அந்தச் சாத்தான், தன்னை விடுவித்த பிள்ளைகளிடம் அவர்கள் வயதுச் சிறுவனாக வந்து சேர்கிறான். கொட்டாரக்கர ஸ்ரீதரன் நாயரின் மந்திரவாதி சும்மா நின்றாலே பயமாக இருக்கும். தந்திரக் காட்சி எதுவும் அந்த முகத்துக்குத் தேவைப்படவில்லை.

படத்தின் உயிர், லட்சுமி என்ற சிறுமியின் வீட்டில் இருக்கிறது. அவளுடைய அப்பா குடிகாரர். குட்டிச்சாத்தானோ எவ்வளவு சாராயம் கொடுத்தாலும் ஒரே மூச்சில் குடித்துத் தீர்ப்பவன். லட்சுமி பிள்ளைக்கணக்கொன்று போடுகிறாள்: வீட்டிலுள்ளதையெல்லாம் இவன் குடித்துவிட்டால் அப்பாவுக்கு மிச்சம் இருக்காதல்லவா? கசிப்புக் குடித்துவிட்டு வரும் அப்பாவுக்காக இரவில் விழித்திருந்த பிள்ளை யாரும் இதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போய்விட முடியாது. பூதத்தின் வல்லமை இங்கே ஒரு வீட்டின் துயரத்தோடு முட்டிக்கொள்கிறது. சிறுவன் மதுவருந்தும் காட்சியை இன்று எடுத்தால் பெற்றோர் கேள்வி கேட்பார்கள். கேட்கவும் வேண்டும். ஆனால் அதை வெட்டினால் கதையே இல்லை.

1967இல் வந்த 'பட்டணத்தில் பூதம்' படத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஜாவர் சீதாராமன் ஜீபூம்பாவாக வந்து செய்யும் கூத்து இன்றும் அலுக்காது. என்றாலும் அந்தப் பூதத்திடம் எதையும் கேட்கலாம். கேட்டவர் பெரிதாக எதையும் இழப்பதில்லை. குட்டிச்சாத்தான் அப்படியல்ல. அவனுக்குப் பசி இருக்கிறது, எசமான் இருக்கிறான், தப்பினால் பிடிபடும் அபாயமும் இருக்கிறது.

இனித் தொழில்நுட்பம். ஒரே படச்சுருளில் இடக்கண்ணுக்கும் வலக்கண்ணுக்குமாக இரண்டு பிம்பங்கள். பிரித்துப் பார்க்க ஒரு கண்ணாடி. அந்தக் கண்ணாடியால் கண்நோய் பரவும் என்று வதந்தி கிளம்பியது. ஒவ்வொரு காட்சிக்குப் பிறகும் கண்ணாடிகளைச் சுத்தம் செய்கிறோம் என்று பிரேம் நசீர், அமிதாப் பச்சன், ரஜினிகாந்த் போன்றவர்களைத் திரையில் தோன்றிச் சொல்லவைத்தார்கள். பூதத்தை நம்ப வந்த கூட்டத்துக்குக் கண்ணாடியை நம்பத்தான் ஆள் தேவைப்பட்டது!

பிள்ளைகள் சுவரில் ஏறி, கூரையில் தலைகீழாக நடந்து, மறுபக்கச் சுவரால் இறங்கும் பாடற்காட்சியை மறக்க முடியாது. கலை இயக்குநர் கே. சேகர், இரும்புச் சட்டத்துக்குள் முழு அறையையும் பொருத்திச் சுழலவைத்தார். கமராவும் அறையோடு சேர்ந்து சுற்றியது. பிள்ளைகள் எப்போதும் அடியில் வரும் பக்கத்திலேயே நடந்தார்கள். பார்ப்பவருக்கு அறை அசையாமல், அவர்கள்தான் சுவரேறுவதாகத் தெரிந்தது. ஹொலிவூட்டில் பிரெட் அஸ்டேர் 1951இல் 'ராயல் வெட்டிங்' படத்தில் ஆடிய வித்தைதான். கம்ப்யூட்டர் துணை இல்லாமல் பிள்ளைகளை வைத்து அதைச் செய்தது பெரிய காரியம்.

2010இல் பிரகாஷ்ராஜ், சந்தானம் காட்சிகளைச் சேர்த்து 'சுட்டிச்சாத்தான்' என்று தமிழில் விட்டார்கள். ஒட்டுப்போட்டது தெரிகிறது. பிறகு ஜிஜோவின் கதையொன்றை எடுத்து மோகன்லால் முதன்முதலாக இயக்கிய 'பரோஸ்' 2024 டிசம்பர் 25இல் வந்தது. வாஸ்கோ ட காமாவின் புதையலை 400 ஆண்டுகளாகக் காத்து, உரிய வாரிசுக்காகக் காத்திருக்கும் பூதம். சந்தோஷ் சிவனின் ஒளிப்பதிவு. சென்னைப் பையன் லிடியன் நாதஸ்வரத்தின் இசை. காட்சிகள் பளபளக்கின்றன. ஆனால் பரோஸுக்கு 400 ஆண்டுத் தனிமை இருந்தும், அவனை நாடிவரும் சிறுமிக்கு லட்சுமியின் வீட்டைப்போல ஒரு வீடு அமையவில்லை. வசூலும் கைகொடுக்கவில்லை.

வீட்டுத் தொலைக்காட்சியில், கண்ணாடி இல்லாமல் குட்டிச்சாத்தானைப் பார்க்கப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நம்மை நோக்கி நீட்டும் பொருட்கள் எல்லாம் இப்போது காரணமில்லாமல் நீட்டுவதாகத் தோன்றும்; அந்த இடங்களைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். சுழலும் அறைக்கும் லட்சுமியின் கணக்குக்கும் கண்ணாடி தேவையில்லை.