எண்ணெய்: லிட்டரா, கிலோவா?

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

பொங்கலுக்கு எல்லா பிளாக்குகளுக்கும் சேர்த்து மொத்தமாக எண்ணெய் வாங்கலாமா என்பதை இன்று முடிவு செய்யப்போகிறோம். அதற்கு முன் ஒரு சின்னக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஐந்து நிமிடம்தான்.

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. அந்தப் பழக்கத்தில் எண்ணெயையும் அப்படியே நினைத்துக்கொள்கிறோம். எண்ணெய் தண்ணீரைவிட லேசு; அதனால்தான் குழம்பில் மேலே மிதக்கிறது. ஒரு லிட்டர் எண்ணெயின் எடை சுமார் 910 கிராம்தான். கடலை, நல்லெண்ணெய், சூரியகாந்தி எதுவானாலும் இதையொட்டியே வரும். வீட்டிலிருக்கும் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். பால் இதற்கு நேர் எதிர்: லிட்டருக்குச் சுமார் 1,030 கிராம். தேன் சுமார் 1,400 கிராம்.

எண்ணெய்க்கு ஒரே வாய்ப்பாடு போதும். லிட்டரை 0.91 ஆல் பெருக்கினால் கிலோ. கிலோவை 0.91 ஆல் வகுத்தால் லிட்டர்.

இது ஏன் முக்கியம்? கடைகளில் 15 கிலோ டின்னும் உண்டு, 15 லிட்டர் டின்னும் உண்டு. பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுதான். உதாரணத்துக்கு, கிலோ டின் 2,400 ரூபாய், லிட்டர் டின் 2,250 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 150 ரூபாய் குறைவு என்று லிட்டர் டின்னைத்தான் கை நீட்டுவோம். ஆனால் 15 லிட்டர் என்பது 13.65 கிலோதான். கிலோவுக்கு 165 ரூபாய் ஆகிறது. மற்றதில் 160 ரூபாய். மலிவாகத் தெரிந்ததுதான் விலை கூடுதல். இருபது டின் வாங்கும்போது இது சின்ன விஷயமில்லை.

இன்னொன்று, வெப்பம். எண்ணெய் சூடானால் விரியும். அளவு கூடும், எடை கூடாது. ஒரு லிட்டர் சோயா எண்ணெய் 21 டிகிரியில் 919 கிராம். 60 டிகிரியில் 892.6 கிராம்தான். சில நிறுவனங்கள் 60 டிகிரி வரைக்கும் வெப்பநிலையைக் குறிப்பிட்டு லிட்டர் கணக்குப் போட்டதால், வெப்பநிலை போடாமல் அளவையும் எடையையும் சரியாக அச்சிட வேண்டும் என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் உத்தரவிட்டது. 2023 ஜனவரி 15 வரை அவகாசமும் கொடுத்தது. லிட்டர் மாறலாம், கிராம் மாறாது என்பதே இதில் நமக்குப் பாடம்.

கடைசியாக, உடம்பு. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியில், 2,000 கலோரி உணவுக்கு ஒரு நாள் எண்ணெய், கொழுப்பு 27 கிராம் என்று இருக்கிறது. கிராமில் சொல்கிறார்கள், நாமோ லிட்டரில் வாங்குகிறோம். நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் 4 லிட்டர் செலவானால், அது 3,640 கிராம். நான்கு பேருக்கு, முப்பது நாளுக்கு வகுத்தால் தலைக்கு 30 கிராம். வெளியில் சாப்பிடும் வடையும் மிக்சரும் இதில் சேரவில்லை. மூன்றரை லிட்டராகக் குறைத்தால் 27க்குள் வந்துவிடும். 15 மில்லி கரண்டியில் இரண்டு கரண்டிதான் 27 கிராம். சர்க்கரை, இரத்த அழுத்தம் உள்ளவர்கள் நம் குடியிருப்பில் நிறையப் பேர் இருக்கிறோம். டாக்டர் கிராமில் சொன்னால் இந்தக் கணக்கு கை கொடுக்கும்.

ஆகவே என் வேண்டுகோள் இரண்டு. ஒன்று, எல்லாக் கடைக்காரர்களிடமும் கிலோ விலையிலேயே கொட்டேஷன் கேளுங்கள். இரண்டு, டின் வந்ததும் ஒன்றையாவது தராசில் வைத்து, காலி டின்னின் எடையைக் கழித்துப் பாருங்கள். அதன் பிறகு பணம் கொடுக்கலாம்.