சின்ன விமானத்திலிருந்து பெரிய விமானத்துக்கு: பிள்ளைகளும் பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டியவை

(குடியரசு தின விழாவையொட்டி நம் வளாகச் சமுதாயக் கூடத்தில் நடந்த நிகழ்ச்சியில், சி பிளாக்கில் வசிக்கும் ஏர்பஸ் கேப்டன் ஒருவர் ஆற்றிய உரை. அவர் விருப்பப்படி பெயர் வெளியிடப்படவில்லை.)



விடியற்காலை மூன்று மணிக்குப் பெட்டியை உருட்டிக்கொண்டு லிஃப்டில் இறங்கும் ஆசாமி நான்தான். அந்தச் சக்கரச் சத்தத்துக்காகத் தரைத்தள வீட்டுக்காரர்களிடம் முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

கடந்த சில மாதங்களில் நம் வளாகத்திலேயே நான்கு குடும்பத்தார் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். "பையனுக்குச் சின்ன கம்பெனியிலதான் வேலை கிடைக்குமாம். புரொபெல்லர் வெச்ச பிளேனாம். சேரலாமா சார்? அப்புறம் பெரிய கம்பெனிக்குப் போக முடியுமா?" கேட்பவர்களின் குரலில், டாக்டருக்குப் படிக்க வைத்தால் கம்பவுண்டர் ஆகிவிடுவானோ என்கிற கவலை தெரிகிறது. நான் அந்தப் புரொபெல்லர் விமானத்திலிருந்து வந்தவன். அதனால் இன்று நீங்கள் அனைவரும் கேட்கும்படி பதில் சொல்லிவிடுகிறேன்.

முதலில் அந்தச் சின்ன விமானம் என்ன என்று பார்ப்போம். நம் நாட்டில் பெரும்பாலும் அது ஏடிஆர் 72. சுமார் எழுபது பேர் உட்காரலாம். மணிக்கு ஐந்நூறு கிலோமீட்டர் அளவில் போகும். குட்டையான ஓடுபாதையிலும் இறங்கும், அதுதான் அதன் பலம். தூத்துக்குடிக்காரர்கள் யாராவது இருந்தால் தெரிந்திருக்கும். வாகைக்குளத்தில் பல ஆண்டுகள் ஓடுபாதை சுமார் 1,350 மீட்டர்தான். ஏர்பஸ் அங்கே வழக்கமாக இறங்க வழியில்லை, அதனால் ஏடிஆர் போன்ற புரொபெல்லர் விமானங்கள்தான் அந்த ஊரைச் சென்னையோடு சேர்த்தன. இப்போது ஓடுபாதையை 3,115 மீட்டராக நீட்டிவிட்டார்கள். புதிய முனையமும் 2025 ஜூலையில் திறக்கப்பட்டது.

மத்திய அரசின் உடான் திட்டத்தில் 2017 ஏப்ரல் 27 அன்று சிம்லாவிலிருந்து டெல்லிக்குப் போன முதல் விமானமும் ஏடிஆர்தான். அலையன்ஸ் ஏர் அதை இயக்கியது. அதே ஆண்டு டிசம்பரில் இண்டிகோவும் ஏடிஆர் ஓட்டத் தொடங்கியது. ஆகவே சின்ன விமானம் என்றால் சின்ன வேலை என்று நினைக்காதீர்கள்.

அடுத்து, யூடியூப். பிள்ளைகள் பார்க்கும் வீடியோக்களில் பெரும்பாலானவை அமெரிக்காவைப் பற்றியவை. அங்கே இது ஒரு ஏணி மாதிரி. 250 மணி நேரம் பறந்து வணிக விமானி லைசென்ஸ் வாங்குவார்கள். பிறகு பயிற்சிப் பள்ளியில் சொல்லிக்கொடுத்து மணி நேரம் சேர்ப்பார்கள். 1,500 மணி நேரம் ஆனதும் வட்டார விமான நிறுவனம், அங்கே சில ஆண்டுகள், பிறகு டெல்டா, யுனைடெட், அமெரிக்கன் போன்ற பெரிய நிறுவனம்.

அந்த 1,500 மணி நேர விதி வந்த கதை சோகமானது. 2009 பிப்ரவரி 12 அன்று கோல்கன் ஏர் என்ற வட்டார நிறுவனத்தின் விமானம் பஃபலோ நகரத்துக்கு அருகே விழுந்து, தரையில் இருந்த ஒருவரையும் சேர்த்து 50 பேர் இறந்தார்கள். டிக்கெட்டில் இருந்த பெயர் கான்டினென்டல், ஓட்டியது கோல்கன். பல பயணிகளுக்கு அந்த வித்தியாசமே தெரியாது. வட்டார விமானிகளின் குறைந்த சம்பளம், தூக்கமின்மை, பயிற்சிக் குறை எல்லாம் அப்போதுதான் வெளியே பேசப்பட்டன. இறந்தவர்களின் குடும்பத்தார் விடாமல் போராடினார்கள். 2010-இல் சட்டம் வந்தது, 2013 முதல் துணை விமானிக்கும் 1,500 மணி நேரம் கட்டாயமானது. விமானப் பட்டப்படிப்பு முடித்தவர்களுக்கும் ராணுவத்திலிருந்து வருபவர்களுக்கும் மட்டும் சலுகை உண்டு.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். விபத்துக்குள்ளான அந்த விமானத்தின் இரண்டு விமானிகளுக்குமே 1,500 மணி நேரத்துக்கு மேல் அனுபவம் இருந்தது. மணி நேரம் முக்கியம்தான். ஆனால் அந்த நேரத்தில் என்ன கற்றோம் என்பது அதைவிட முக்கியம். பிள்ளைகளே, இதை மறக்காதீர்கள்.

நம் நாட்டில் கதை வேறு. இங்கே 200 மணி நேரம் பறந்து, தேர்வுகளில் தேறினால் வணிக விமானி லைசென்ஸ். அதற்குப் பிறகு ஒரு குறிப்பிட்ட விமான வகைக்கான டைப் ரேட்டிங். அதோடு நேராக ஏர்பஸ்ஸில் துணை விமானியாக உட்கார்ந்துவிடலாம். ஆக, இங்கே சின்ன விமானம் எல்லோரும் ஏறியே ஆகவேண்டிய படி இல்லை, அது இன்னொரு வாசல். பெரிய வாசலில் கூட்டம் நெரியும்போது இந்த வாசல் திறந்திருக்கலாம்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. அமெரிக்காவில் பெரிய நிறுவனத்துக்குப் போனால், வேறெங்கே நீங்கள் கேப்டனாக இருந்திருந்தாலும் துணை விமானியாகத்தான் தொடங்க வேண்டும். இங்கே அந்த வகை விமானத்தில் கேப்டனாக இருந்தவரை நேராகக் கேப்டனாகவே எடுப்பதும் உண்டு. ஆனால் ஏடிஆர் கேப்டன் ஏர்பஸ்ஸுக்கு வந்தால்? வகை வேறு. பொதுவாக, தோளில் இருக்கும் நான்கு கோட்டில் ஒன்றைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் வரவேண்டும்.

இங்கேதான் என் கதை வருகிறது.

என் அப்பா மின்வாரியத்தில் இருந்தவர். ஊரில் இருந்த ஒரே வீட்டை அடமானம் வைத்து என்னைப் படிக்க வைத்தார். எனக்கு ஒரு சின்ன நிறுவனத்தில் ஏடிஆர் வேலை கிடைத்தது. ஐந்து ஆண்டுகள் ஓட்டினேன். ஒரு நாளைக்கு ஐந்து, ஆறு முறை ஏறி இறங்குவோம். மழைக்காலத்தில் ஜெட் விமானம் பல மேகங்களுக்கு மேலே போய்விடும், நாங்கள் அந்த உயரத்துக்கு ஏற முடியாது, சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். பக்கக் காற்றில் இறக்குவதற்குக் கையும் காலும் ஓயாமல் வேலை செய்யும். இன்றைக்கு எனக்கு இருக்கும் துணிச்சலும் பயமும், இரண்டும் அங்கே கற்றவை.

கேப்டன் ஆவதற்கு மூன்று மாதம் இருக்கும்போது ஒரு பெரிய நிறுவனத்திலிருந்து ஏர்பஸ் வேலைக்கு அழைப்பு வந்தது. துணை விமானி வேலைதான். அம்மா கேட்டார், "இன்னும் மூணு மாசம்தானேடா, கேப்டன் ஆயிட்டுப் போகக்கூடாதா?" அப்பா ஒன்றும் சொல்லவில்லை. இரவு சாப்பிடும்போது, "கடன் இன்னும் ஏழு வருஷம் இருக்கு, யோசிச்சுக்கோ" என்றார். அவ்வளவுதான்.

நான் போனேன். என்னோடு சேர்ந்து படித்த நண்பன் அங்கேயே இருந்து கேப்டன் ஆனான்.

போன இடத்தில் முதல் அடி சிமுலேட்டரில் விழுந்தது. ஏடிஆரில் எஞ்சின் விசையைக் கூட்ட, குறைக்க லீவரைக் கை நகர்த்தும். ஏர்பஸ்ஸில் விசை தானாக மாறும், லீவர் இருந்த இடத்திலேயே இருக்கும். ஐந்து வருடம் கையால் உணர்ந்ததை இப்போது கண்ணால் படிக்க வேண்டும். என் கை கேட்கவில்லை. ஒரு சோதனையில் தோற்றேன். வீட்டில் சொல்லவில்லை. கூடுதல் பயிற்சி கொடுத்தார்கள், அடுத்த முறை தேறினேன். இன்று ஏடிஆரிலிருந்து வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: பழைய பழக்கத்தை மறக்க வெட்கப்படாதீர்கள்.

இரண்டாவது அடி சீனியாரிட்டி. புதிய நிறுவனத்தின் பட்டியலில் நான் கடைசி ஆள். எந்த ஊரில் இருப்பது, எந்த நாள் விடுமுறை, எப்போது கேப்டன் ஆவது என்பதில் எல்லாம் அந்தப் பட்டியலுக்குப் பங்கு உண்டு. நான்கு தீபாவளிக்கு நான் வீட்டில் இல்லை.

அதற்குள் பழைய நிறுவனம் மூடப்பட்டது. நண்பனுக்கு மூன்று மாதச் சம்பளம் வரவில்லை. ஏழு மாதம் வீட்டில் இருந்தான். பிறகு இன்னொரு ஏடிஆர் நிறுவனத்தில் கேப்டனாகச் சேர்ந்தான், பின்னர் அவனும் ஏர்பஸ்ஸுக்கு வந்தான். கேப்டனாகப் பறந்த மணி நேரம் கையில் இருந்ததால் மறுபடி கேப்டன் ஆக அவனுக்கு அதிக நாள் ஆகவில்லை. கடைசியில் பார்த்தால் அவன் என்னைவிட ஒன்றரை ஆண்டுதான் பின்னால். ஆனால் அந்த ஏழு மாதத்தில் அவன் மனைவியின் நகைகள் பாங்கில் இருந்தன. யார் எடுத்த முடிவு சரி என்று இன்றும் நாங்கள் இருவரும் சொல்வதில்லை. அவன் வீட்டில் வேறொரு சம்பளம் இருந்தது, காத்திருக்க முடிந்தது. எங்கள் வீட்டில் கடன் இருந்தது. முடிவை எடுத்தது நாங்கள் என்பதைவிட எங்கள் வீட்டுக் கணக்கு என்பதே உண்மை.

விமானத் தொழில் அலை மாதிரி. கிங்ஃபிஷர் 2012-இல் நின்றது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் நின்றது. 2023-இல் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும் இண்டிகோ 500 விமானங்களுக்கும் ஆர்டர் கொடுத்தன. நாடே கைதட்டியது. அதே ஆண்டு மே மாதம்தான் கோ ஃபர்ஸ்ட் நின்றது. நல்ல செய்தியும் கெட்ட செய்தியும் ஒரே நேரத்தில் வரும் தொழில் இது.

இனி, பெற்றோர்களுக்கு நடைமுறையில் சில வார்த்தைகள்.

ஒன்று, பணம் கட்டும் முன் மருத்துவப் பரிசோதனை. முதலில் இரண்டாம் வகுப்பு, பிறகு முதல் வகுப்பு. முதல் வகுப்புச் சான்று கையில் வந்த பிறகு பயிற்சிக் கட்டணத்தைப் பற்றிப் பேசுங்கள்.

இரண்டு, "வேலைக்கு நாங்கள் கியாரண்டி" என்று எவராவது சொன்னால் எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர மாட்டார்கள், அதுவே பதில்.

மூன்று, சேரும்போது பாண்ட் பத்திரத்தை ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். டைப் ரேட்டிங் செலவை யார் ஏற்பது, நடுவில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்று பாருங்கள். விலகுவதற்கான முன்னறிவிப்பும் உண்டு. டிஜிசிஏ 2017-இல் கொண்டுவந்த விதிப்படி துணை விமானிக்கு ஆறு மாதம், கேப்டனுக்கு ஒரு வருடம். நாளைக்கே வா என்று பெரிய நிறுவனம் கூப்பிட்டாலும் நாளைக்கே போக முடியாது.

நான்கு, மாறுவதாக இருந்தால் எப்போது? துணை விமானியாக இருக்கும்போது மாறினால் இழப்பது குறைவு, புதிய பட்டியலில் இடமும் சீக்கிரம் கிடைக்கும். கேப்டன் ஆன பின் மாறினால் சில காலம் சம்பளமும் பதவியும் இறங்கும், ஆனால் கையில் கேப்டன் மணி நேரம் இருக்கும். கடன், வயது, குடும்பம், இந்த மூன்றையும் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள். 65 வயது வரை பறக்கலாம், எனவே 27 வயதில் இரண்டு வருடத் தாமதம் பெரிய நஷ்டம் அல்ல.

ஐந்து, ஏடிஆரில் இருக்கும்போதே 1,500 மணி நேரத்துக்கான ஏடிபிஎல் தேர்வுகளை எழுதி முடித்துவிடுங்கள். கதவு திறக்கும்போது கையில் சாவி இருக்க வேண்டும்.

ஆறு, ஆறு மாதச் செலவுக்கான பணம் தனியாக இருக்கட்டும். உடல்நிலை காரணமாக லைசென்ஸ் போனால் ஈடு தரும் காப்பீடும் எடுங்கள். அதை நான் எடுத்த அன்றுதான் என் அப்பா நிம்மதியாகத் தூங்கினார்.

கடைசியாக ஒன்று. இருக்கிற ஒரே வீட்டை அடமானம் வைக்கலாமா என்று என்னிடம் கேட்டால், வேண்டாம் என்றுதான் சொல்வேன். அப்பா வைத்தார், எனக்குப் பலித்தது. பலிக்காதவர்கள் இந்த மேடையில் பேச வருவதில்லை. அவர்களையும் எனக்குத் தெரியும். முடிந்தால் கல்விக் கடன், உதவித்தொகை, ஒன்றிரண்டு வருடம் வேறு வேலை பார்த்துச் சேமிப்பு என்று வழி தேடுங்கள். விமானம் எங்கேயும் ஓடிப்போய்விடாது.

ஆகவே, சின்ன விமானத்தில் வேலை கிடைத்தால், கணக்குச் சரியாக வந்தால், சந்தோஷமாகச் சேரச் சொல்லுங்கள். அதில் இருக்கும் எழுபது பேருக்கும் அந்தப் பிள்ளைதான் விமானி. அவர்களில் யாரும் அதைச் சின்ன விமானம் என்று நினைத்து ஏறுவதில்லை.

பறக்காத ஞாயிற்றுக்கிழமைகளில் மாலை ஐந்து மணிக்குப் பூங்கா பெஞ்சில் இருப்பேன். பிள்ளைகள் பாண்ட் பத்திரத்தோடு வரலாம். பெற்றோர்கள் பயத்தோடும் வரலாம். இரண்டுக்கும் நேரம் உண்டு.