ஒத்திகை பார்த்தாயிற்றா?

2022-ஆம் ஆண்டு மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் நடந்த 44-ஆவது செஸ் ஒலிம்பியாட் உங்களுக்கு நினைவிருக்கும். நேப்பியர் பாலம் கறுப்பு வெள்ளைக் கட்டங்களாக மாறியது. வேட்டி கட்டிய குதிரைச் சின்னமான 'தம்பி' ஊரெங்கும் கைகூப்பி நின்றது. பொதுப் பிரிவில் உஸ்பெகிஸ்தானும் பெண்கள் பிரிவில் உக்ரைனும் தங்கம் வென்றன. ஆடியவர்களைப் பற்றி அப்போதே நிறையப் பேசிவிட்டோம். நடத்தியவர்களைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன். ஈவென்ட் மேனேஜ்மென்ட் என்று இளைஞர்கள் ஆசையோடு தேடிவரும் தொழிலுக்கு அதைவிட நல்ல பாடம் அண்மைக்காலத்தில் நம் மண்ணில் அமையவில்லை.

அந்தப் போட்டி மாஸ்கோவில் நடக்க வேண்டியது. உக்ரைன்மீது ரஷ்யா படையெடுத்ததும் அங்கிருந்து எடுக்கப்பட்டு, மார்ச் மாதம் சென்னைக்கு வந்தது. தொடக்க விழா ஜூலை 28. மற்ற ஊர்களுக்கு ஆண்டுக்கணக்கில் கிடைக்கும் அவகாசம் இங்கே நான்கே மாதம். பொதுப் பிரிவில் 188 அணிகள், பெண்கள் பிரிவில் 162 அணிகள். ஓர் அணிக்கு நான்கு பேர் ஆட வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஏறத்தாழ 700 பலகைகளில் பிற்பகல் 3 மணிக்கு ஒரே நேரத்தில் ஆட்டம் தொடங்க வேண்டும். இருந்த அரங்கம் போதவில்லை. பக்கத்திலேயே இன்னோர் அரங்கத்தைப் புதிதாக எழுப்பினார்கள்.

இப்படிப்பட்ட வேலையில் இன்றிலிருந்து நாளை எண்ணினால் கரை சேர முடியாது. நிகழ்ச்சி நாளிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். ஆட்டம் 29-ஆம் தேதி என்றால் ஒத்திகை என்றைக்கு? ஒத்திகைக்கு முன் மின்சார வேலை எப்போது முடிய வேண்டும்? மின்சாரக்காரர் உள்ளே வரவேண்டுமானால் கூரை எப்போது ஏறியிருக்க வேண்டும்? இந்தக் கேள்விகளைக் கேட்டுக்கொண்டே வந்தால் இன்று காலை யாருக்குப் போன் பண்ண வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும். என்னிடம் பயில வருகிறவர்களுக்கு முதல் நாளே நான் கொடுக்கும் பயிற்சி இதுதான்: காலண்டரைக் கடைசிப் பக்கத்திலிருந்து புரட்டு, தம்பி.

ஒலிம்பியாட் தொடங்கச் சில நாள் முன்பு அதே அரங்குகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்களை உட்காரவைத்து ஒரு துரிதப் போட்டியே நடத்திப் பார்த்தார்கள். ஏசி தாங்குகிறதா, நகர்வுகள் கணினித் திரைக்குப் போய்ச் சேர்கின்றனவா, இத்தனை பேரும் ஒரே வாசலில் நெரிக்கிறார்களா என்பதையெல்லாம் காலி அரங்கில் நின்று கண்டுபிடிக்க முடியாது. ஆள் நிறைந்தால்தான் தெரியும். என் கணிப்பில் அந்தப் போட்டியைக் காப்பாற்றியது அந்த ஒரு நாள் ஒத்திகை.

"சார், நாங்கள் செய்யப்போவது ஒரு கம்பெனியின் ஆண்டு விழா, 300 பேர்தானே" என்பீர்கள். அதற்கும் இதே முறைதான். நிமிடத்துக்கு நிமிடம் என்ன நடக்கும், யார் பொறுப்பு என்று ஒரு தாளில் எழுதுங்கள். தமிழ்த்தாய் வாழ்த்து 55 விநாடி. அதை இசைத்தட்டில் ஒலிக்கவிடாமல் பயிற்சி பெற்றவர்கள் பாட வேண்டும் என்று 2021 டிசம்பரில் அரசாணையே வந்திருக்கிறது. அப்படியானால் பாட வரும் இரண்டு பெண்கள் எங்கே நிற்பார்கள்? மைக் ஸ்டாண்டை அவர்கள் உயரத்துக்கு யார் இறக்குவது? அடுத்தது குத்துவிளக்கு. எண்ணெய் ஊற்றி, திரி போட்டு, ஒருமுறை ஏற்றி அணைத்து வைத்த திரியா? புதுத் திரி எளிதில் பற்றாது. மெழுகுவத்தி யார் கையில்? மேடை மின்விசிறியை நிறுத்தச் சொல்லி ஆள் போட்டாயிற்றா? நான்கு சிறப்பு விருந்தினர்கள் விளக்கைச் சுற்றி நின்று, காற்றில் அணையும் சுடரோடு போராடும் காட்சியை நாம் எத்தனை மேடைகளில் பார்த்திருக்கிறோம்! அந்தத் தாளில் ஒரே ஒரு வரி விடுபட்டதன் விளைவு அது.

வரவு செலவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பந்தல், மைக் செட், சாப்பாடு எதுவானாலும் பேசியதை எழுத்தில் வாங்குங்கள். மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கைத் தொடாமல் தனியே வையுங்கள். இரவு 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பதை வாடிக்கையாளரிடம் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

ஆனால் பாதுகாப்பைப் பற்றி நின்று நிதானமாகப் பேச வேண்டும். 2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் ஒரு திருமண மண்டபத்தில் தீப்பிடித்து, மணமகன் உட்பட 50-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். வீடியோ எடுப்பதற்கான விளக்கின் மின்னிணைப்பிலிருந்து எழுந்த பொறி கீற்றுக் கொட்டகையில் பற்றியது. மங்கல நாளில் கூடிய உறவினர்கள் அவர்கள். அதனால்தான் மண்டபத்துக்குள் நுழைந்ததும் நான் மேடையைப் பார்ப்பதில்லை. வெளியேறும் வழிகளைத்தான் முதலில் பார்ப்பேன். பின்வாசல் பூட்டியிருக்கிறதா, சாவி யாரிடம்? அங்கே உபரி நாற்காலிகளை அடுக்கியிருக்கிறார்களா? வீடியோ விளக்கின் வயர் எந்தத் துணி மேல் போகிறது? மேடை அலங்காரம் எடுப்பாக இல்லையென்றால் ஒரு குறை. வாசல் பூட்டியிருந்தால் அது குற்றம். இதில் வாடிக்கையாளர் கோபித்தாலும் பின்வாங்காதீர்கள்.

இந்தத் தொழிலைக் கற்றுத்தரச் சான்றிதழ்ப் படிப்புகள் உண்டு. கணக்கு, ஒப்பந்தம், விளம்பரம் ஆகியவற்றை அங்கே முறையாகக் கற்கலாம். கூட்டம் எப்படி நகரும், சப்ளையர் எப்போது சாக்கு சொல்வார், விருந்தினர் தாமதமானால் மேடையை யார் நிரப்புவது என்பவையெல்லாம் களத்தில்தான் பிடிபடும். ஆகவே இளைஞர்களே, உங்கள் ஊரில் அடுத்து வரும் புத்தகக் காட்சிக்கோ கல்லூரிக் கருத்தரங்குக்கோ போய் ஒரு வேலை கேளுங்கள். நாற்காலி போடச் சொன்னாலும் போடுங்கள். கையில் ஒரு சிறு நோட்டு இருக்கட்டும். எந்த வேலை எத்தனை மணிக்கு நடக்கும் என்றார்கள், உண்மையில் எப்போது நடந்தது என்று இரண்டு பத்தியாக எழுதிவாருங்கள். பத்து நிகழ்ச்சிகளின் நோட்டு சேர்ந்ததும் வேலை கேட்டு வாருங்கள். சான்றிதழுக்கு முன்னால் நாங்கள் அதைத்தான் புரட்டிப் பார்ப்போம்.