மொழியை இகழ்ந்தவர் வாக்கை மதிப்பாரோ?



மொழிச் சிக்கல் வேறு, ஆட்சிச் சிக்கல் வேறு என்று கூறுவார் உளர். அவர்க்குப் பெலாரசு நாட்டின் வரலாறே விடை.

சோவியத்து ஒன்றியத்துள் அடங்கியிருந்த அந்நாடு, 1990-இல் தன் தாய்மொழியாம் பெலாரசிய மொழியை ஒரே ஆட்சிமொழியாக்கிற்று. 1991-இல் விடுதலை பெற்று, வெண்மையும் இடையே செம்மையுமான முப்பட்டைக் கொடியை ஏற்றிற்று. 1994-இல் குடியரசுத் தலைவரானார் அலெக்சாண்டர் உலூக்கசெங்கோ. உயர்ந்தது எதனையும் பெலாரசிய மொழியில் உரைக்கவியலாது என்று அம்மொழியைப் பழித்தார். 1995-இல் பொதுவாக்கெடுப்பு ஒன்றால் உருசிய மொழிக்கு ஒத்த நிலை தந்தார். முப்பட்டைக் கொடியையும் இறக்கினார். 2004-இல் மற்றொரு வாக்கெடுப்பு, இருமுறைக்கு மேல் ஒருவர் தலைவராகலாகாது என்னும் வரம்பையும் நீக்கிற்று. முதலில் மொழி, அடுத்து வரம்பு, எஞ்சியது மக்களின் ஒப்போலை.

2020 ஆகத்து 9-ஆம் நாள் தேர்தல். சிறைப்பட்ட கணவர்க்கு மாற்றாகச் சுவெத்துலானா சிகானோவுசுக்கயா களம் புகுந்தார். அவர் சென்றவிடமெல்லாம் மக்கள் வெள்ளம். எனினும், உலூக்கசெங்கோவுக்கு 80 விழுக்காடு, அவ்வம்மையார்க்கு 10 விழுக்காடு என்றது அரசு! நம்புவார் யார்? மக்கள் தெருவில் திரண்டனர். சில நாள்களுக்குள் 6,000-க்கு மேற்பட்டோர் சிறைப்பட்டனர், அடியுண்டோர் பலர். அதற்கு விடையாக வெண்ணிற உடையணிந்த மகளிர் மலரேந்தி வரிசையாய் நின்றனர். ஆகத்து 16-இல் தலைநகர் மின்சுக்கில் நூறாயிரவர்க்கு மேல் கூடினர். மறுநாள் தொழிலகம் ஒன்றிற்குச் சென்ற தலைவரைத் தொழிலாளர்களே 'விலகிப் போ' என முழங்கி எதிர்கொண்டனர்.

அம்மக்கள் ஏந்திய கொடி எது? 1995-இல் இறக்கப்பட்ட அதே முப்பட்டைக் கொடி! திரண்டவருட் பலர் அன்றாடம் உருசிய மொழியே பேசுவோர். இருந்தும், தம் வாக்கு பறிபோன நாளில் தமக்குரிய அடையாளத்தையே தேடி எடுத்தனர்.

வெற்றி கிட்டிற்றா? இல்லை. செபுதம்பர் 23-இல் முன்னறிவிப்பின்றி உலூக்கசெங்கோ பொறுப்பேற்றார். அதற்கு முன்னரே சிகானோவுசுக்கயா நாடு கடந்திருந்தார். பெலாரசிய இலக்கியம் கற்றவரும் மாந்தவுரிமைப் போராளியுமான அலேசு பியாலியாட்சுக்கி சிறைக்குள் இருந்தபடியே 2022-இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றார். 2025-இல் ஏழாம் முறையாக உலூக்கசெங்கோவே வென்றதாக அறிவிக்கப்பட்டது.

பெருமக்களே! மொழியைத் தாழ்த்தும்போது வாளாவிருந்த குடி, வாக்கைப் பறிக்கும்போது குருதி சிந்த நேர்ந்தது. மொழிக்காவல் புலவர்தம் பொழுதுபோக்கன்று. குடிமக்களின் முதற்காவல் அதுவே!